கணினி ஏன் கைப்பேசியைக் கண்டுகொள்வதில்லை? – ஓர் இணைப்புக் கம்பியின் வரலாறு



பள்ளித் தவணை முடியும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு விழா என ஆண்டு முழுவதும் எடுத்த படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. பள்ளி மலருக்காக அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். கம்பியைச் செருகுகிறோம். கைப்பேசியில் மின்னேற்றக் குறி தெரிகின்றது. கணினியிலோ ஒன்றும் தெரிவதில்லை. "மின்சாரம் போகிறது, படம் மட்டும் ஏன் வரவில்லை?" என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பெற்றோரும் இதையே கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு வரலாற்று வழியில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கைப்பேசிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில், கணினி கைப்பேசியைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் அறியாமை. இரண்டுக்கும் பொதுமொழி இல்லை. இன்று கண்டுகொள்ளாததற்குக் காரணம் பெரும்பாலும் எச்சரிக்கை. உரிமையாளர் இசைவு தரும்வரை கைப்பேசி தன் வாயைத் திறப்பதில்லை. அறியாமையிலிருந்து எச்சரிக்கைக்கு வந்த அந்தப் பயணத்தை அறிந்தவர், கோளாற்றை எங்கே தேட வேண்டும் என்பதையும் அறிவார். கட்டுரை சற்று நீளமானது. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

துளைக்கொரு கருவி

1990களின் நடுப்பகுதியில் வாங்கிய ஒரு மேசைக் கணினியின் பின்புறத்தை நினைத்துப் பாருங்கள். விசைப்பலகைக்கு ஒரு துளை, சுட்டிக்கு வேறொரு துளை, அச்சுப்பொறிக்கு 25 ஊசிகள் கொண்ட அகன்ற செருகுவாய், மோடத்திற்கு 9 ஊசிகள் கொண்ட சிறிய செருகுவாய் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் இருக்கும். ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. புதிய கருவியை இணைத்தால் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். அக்கருவிக்கு உரிய இயக்கி மென்பொருளை நெகிழ்வட்டிலிருந்து நிறுவ வேண்டும்.

கைப்பேசிகளின் நிலை இதனினும் சிக்கலானது. நோக்கியா, மோட்டோரோலா, சோனி எரிக்சன், சாம்சுங் என ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுவாயை வைத்திருந்தது. ஒரே நிறுவனத்தின் இரு கைப்பேசிகளுக்கும் வெவ்வேறு கம்பிகள் தேவைப்பட்ட காலம் உண்டு. கம்பியோடு ஒரு குறுவட்டும் வரும். அதிலுள்ள மென்பொருளை நிறுவினால்தான் கணினி கைப்பேசியைக் கண்டுகொள்ளும். நோக்கியாவின் 'பிசி சூட்' மென்பொருளை மூத்த ஆசிரியர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். குறுவட்டோ கம்பியோ தொலைந்துவிட்டால், கோலாலம்பூரின் இம்பி பிளாசாவிலும் லோ யாட் பிளாசாவிலும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்!

அக்காலத்துச் சிக்கலின் தன்மை தெளிவானது. மலாய் மட்டும் அறிந்தவரும் தமிழ் மட்டும் அறிந்தவரும் எதிரெதிரே நின்றால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. இருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, மொழிபெயர்ப்பாளர்தான் இல்லை. இயக்கி மென்பொருள் என்பது அந்த மொழிபெயர்ப்பாளரே.

ஏழு நிறுவனங்களின் உடன்படிக்கை

இக்குழப்பத்தைத் தீர்க்க 1990களின் நடுவில் ஏழு நிறுவனங்கள் கூடின. இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., காம்பாக், டிஜிட்டல் எக்விப்மெண்ட், என்.இ.சி., நார்தர்ன் டெலிகாம் ஆகியவையே அவை. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே செருகுவாய், ஒரே மொழி என்பது அவற்றின் இலக்கு. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சியை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் அஜய் பட். இந்தியாவின் குசராத் மாநிலத்து வடோதராவில் பயின்றவர். வீட்டில் அச்சுப்பொறி ஒன்றை இணைப்பதற்குப் பட்ட தொல்லையே இவ்வெண்ணத்தைத் தூண்டியதாக அவர் பின்னாளில் நேர்காணல்களில் குறிப்பிட்டிருக்கிறார். அந்த இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே நம் பினாங்கில் ஆலை தொடங்கியது என்பது நமக்கு உவப்பான செய்தி.

1996ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் யூ.எஸ்.பி. என்னும் அந்தத் தரத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதன் உள்ளமைப்பை அறிந்துகொண்டால் நம் கேள்விக்குரிய விடையின் முதற்பகுதி கிடைத்துவிடும்.

யூ.எஸ்.பி. கம்பியின் உள்ளே அடிப்படையாக நான்கு மெல்லிய கம்பிகள் இருந்தன. இரண்டு கம்பிகள் 5 வோல்ட் மின்சாரத்திற்கு. மற்ற இரண்டும் செய்திக்கு. கருவியைச் செருகியதும் முதலில் மின்சாரம் பாய்கின்றது. பிறகு, செய்திக் கம்பிகளுள் ஒன்றில் கருவி சிறிது மின்னழுத்தத்தை ஏற்றி, "நான் வந்திருக்கிறேன்" என்று உணர்த்துகின்றது. கணினி அதைக் கண்டு, "நீ யார்?" என்று வினவுகின்றது. கருவி தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண், தன் வகைக்குரிய எண், தான் செய்யக்கூடிய பணி ஆகியவற்றை ஒப்புவிக்கின்றது. கணினி அதற்கு 1 முதல் 127 வரையிலான எண்களுள் ஒன்றை வழங்கி, உரிய இயக்கியிடம் ஒப்படைக்கின்றது.

தோட்டப்புற வாழ்க்கையை அறிந்த பெரியவர்களுக்கு இதைப் பிரட்டுக்களத்தோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். விடியற்காலையில் எல்லாரும் கூடி நிற்பர், பெயர் அழைக்கப்படும், குரல் கொடுத்தவருக்கு அன்றைய வேலை ஒதுக்கப்படும். வந்து நின்றும் குரல் கொடுக்காதவருக்கு வேலை இல்லை! யூ.எஸ்.பி. இணைப்பிலும் அவ்வாறே. மின்சாரம் பெறுவது வந்து நிற்பதற்கு ஒப்பாகும். செய்திக் கம்பி வழியே விடையளிப்பதே குரல் கொடுத்தல். ஆகவே, மின்னேற்றம் நடைபெறுகின்றது என்பதால் கைப்பேசி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது என்று பொருளாகாது. இவை இரண்டும் வெவ்வேறு கம்பிகளில் நிகழும் வெவ்வேறு செயல்கள்.

இவ்வுடன்படிக்கை உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில், பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 காட்டப்பட்டது. வருடி ஒன்றைச் செருகினால் கணினி தானே அதைக் கண்டுகொள்ளும் என்று காட்டுவதற்காக, மைக்ரோசாப்ட் அலுவலர் கிறிஸ் கப்பொசெலா கம்பியைச் செருகினார். கணினி நிலைகுலைந்து, பெருந்திரை முழுவதும் நீல நிறமாயிற்று. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இம்மென்பொருளை இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று பில் கேட்ஸும் நகைச்சுவையாகச் சமாளித்தார். கருவியைச் செருகியும் கணினி ஒத்துழைக்காத அனுபவம் நமக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் விற்பனைக்கு வந்த ஆப்பிள் ஐமேக் கணினி, பழைய செருகுவாய்கள் பலவற்றைக் கைவிட்டு யூ.எஸ்.பி.யையே நம்பியது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பின் உச்ச வேகத்தைப்போல் நாற்பது மடங்கு வேகம் கொண்டது. அதன்பின் பொதுமொழி நிலைபெற்றது.

கிள்ளானில் பயின்றவரும் விரலியும்

பென்டிரைவ் என்று பலரும் அழைக்கும் விரலியை அறியாத ஆசிரியர் இல்லை. அதை முதலில் உருவாக்கியவர் யார் என்பதில் பல நாட்டார் உரிமை கோருகின்றனர். இசுரேலின் எம்-சிஸ்டம்ஸ், சிங்கப்பூரின் டிரெக் ஆகிய நிறுவனங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவ்வரலாற்றில் சிலாங்கூருக்கும் ஓர் இடம் உண்டு. நெல்வயல் சூழ்ந்த செகிஞ்சானில் பிறந்து, கிள்ளானில் உள்ள பின் ஹுவா உயர்நிலைப்பள்ளியில் பயின்ற புவா கெயின் செங், தைவானுக்கு மேற்படிப்புக்குச் சென்றார். 2000ஆம் ஆண்டில் நண்பர்களோடு ஃபைசன் என்னும் நிறுவனத்தை அங்கே தொடங்கினார். விரலிக்கு வேண்டிய கட்டுப்பாட்டுப் பணிகளை ஒரே சில்லுக்குள் அடக்கிய நிறுவனம் என்று ஃபைசன் புகழ் பெற்றது. நம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் படித்தவர் உலகக் கணினிகள் அனைத்திலும் செருகப்படும் ஒரு பொருளின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார் என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.

விரலி நம் கேள்விக்கும் தொடர்புடையது. விண்டோஸ் 98இல் விரலியைப் பயன்படுத்தத் தனி இயக்கி தேவைப்பட்டது. விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றில் அவ்வியக்கி இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. செருகியவுடன் கணினித் திரையில் புதிய வட்டு ஒன்று தோன்றும். குறுவட்டு வேண்டியதில்லை. கைப்பேசி நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. தம் கைப்பேசிகளைக் கணினியின் கண்ணுக்கு ஒரு பெரிய விரலியாகவே காட்டின. 2000களின் பிற்பகுதியில் கைப்பேசியைச் செருகினால் படங்கள் எளிதாகக் கிடைத்ததற்கு இதுவே காரணம். "முன்பெல்லாம் சுலபமாக வந்ததே!" என்று இன்று சிலர் வியப்பதற்கும் இதுவே காரணம்.

சாவியைக் கொடுப்பதும் நூலகரிடம் கேட்பதும்

அந்த எளிமையில் ஒரு குறை இருந்தது. கைப்பேசி தன்னை விரலியாகக் காட்டும்போது, தன் சேமிப்பகம் முழுவதையும் கணினியிடம் ஒப்படைத்துவிடுகின்றது. நூலகத்தின் சாவியையே ஒருவரிடம் கொடுத்துவிடுவது போன்றது இது. சாவி அவரிடம் இருக்கும்வரை நூலகர் உள்ளே நுழைய முடியாது. அவ்வாறே, கணினியோடு இணைந்திருக்கும் நேரத்தில் கைப்பேசியால் தன் நினைவக அட்டையில் உள்ள படத்தையோ பாடலையோ திறக்க முடியாது. முறையாகத் துண்டிக்காமல் கம்பியைப் பிடுங்கினால் கோப்புகள் பழுதடைவதும் உண்டு.

திறன்பேசிகள் பெருகியபோது இம்முறை பொருந்தாமற்போயிற்று. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0, 4.0 பதிப்புகளிலிருந்து வேறொரு முறை முதன்மை பெற்றது. அதன் பெயர் எம்.டி.பி. இசைக்கருவிகளுக்காக மைக்ரோசாப்ட் உருவாக்கிய இம்முறை, 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் யூ.எஸ்.பி. அமைப்பின் பொதுத்தரமாக ஏற்கப்பட்டிருந்தது. இங்கே சாவி கைமாறுவதில்லை. கணினி வாசலில் நின்று, "இந்நூலைத் தாருங்கள்" என்று கேட்கின்றது. கைப்பேசி நூலகராக இருந்து எடுத்துத் தருகின்றது. எதைத் தருவது, எதை மறுப்பது என்னும் அதிகாரம் கைப்பேசியிடமே இருக்கின்றது.

வரலாற்றின் திருப்புமுனை இதுவே. முடிவு செய்யும் உரிமை கணினியிடமிருந்து கைப்பேசிக்கு மாறியது. அதனால் "கணினி கண்டுகொள்ளவில்லை" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் "கைப்பேசி காட்டிக்கொள்ளவில்லை" என்பதே உண்மை.

நீதிமன்றம் வழி வந்த ஒரு கோளாறு

இடையில் ஒரு வியப்பான கிளைக்கதையும் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. விண்டோஸோடு இசை, ஒளிப்படக் காட்சிக்கான மென்பொருளையும் சேர்த்தே விற்பது போட்டி நிறுவனங்களை நசுக்குவதாகும் என்பது குற்றச்சாட்டு. அம்மென்பொருள் இல்லாத விண்டோஸ் பதிப்பொன்றையும் விற்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. 'என்' என்னும் எழுத்தைப் பெயரின் இறுதியில் தாங்கிய அப்பதிப்புகள் அவ்வாறு பிறந்தவை.

இதற்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எம்.டி.பி. முறை இசைக்கருவிகளுக்காகப் பிறந்தது என்று மேலே குறிப்பிட்டேன் அல்லவா? அதனால் அதற்குரிய கூறுகளும் அந்த இசை மென்பொருள் தொகுதியோடு சேர்ந்தே நீக்கப்பட்டன. எனவே 'என்' பதிப்பு கொண்ட கணினியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் செருகினால், கம்பியும் கைப்பேசியும் நன்றாக இருந்தும் படங்கள் தெரிவதில்லை. மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் 'மீடியா ஃபீச்சர் பேக்' என்னும் தொகுதியை நிறுவினால் குறை நீங்கும். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் இப்பதிப்பு இருக்க வாய்ப்புண்டு. ஐரோப்பாவில் எழுதிய தீர்ப்பின் விளைவைச் சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டு மேசையில் காணலாம்!

ஐயம் பிறந்த காலம்

யூ.எஸ்.பி.யின் தொடக்கக் காலத்தில் செருகப்படும் கருவிகள் அனைத்தும் நல்லவை என்றே கருதப்பட்டது. அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் நச்சுநிரல் பரவிய வழிகளுள் விரலியும் ஒன்று. விரலியைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே இயங்கும் வசதியை அது பயன்படுத்திக்கொண்டது. பள்ளிக் கணினி அறையில் ஒரு மாணவரின் விரலியிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் தொற்று பரவியதை அக்காலத்து ஆசிரியர்கள் நன்கறிவர். 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸ்களிலும் அவ்வசதியை முடக்கியது.

அதே 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற டெஃப்கான் மாநாட்டில், கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இலவச மின்னேற்ற நிலையம் ஒன்றை அமைத்தனர். நம்பிக் கைப்பேசியைச் செருகியவர்களின் திரையில் எச்சரிக்கை தோன்றியது. மின்சாரம் தரும் கம்பியே செய்தியையும் கடத்தும் என்பதால், பொது இடத்து மின்னேற்றி நம் படங்களைத் திருடவும் கூடும் என்பதை அவர்கள் உணர்த்தினர்.

கைப்பேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவுகளை அடைத்தன. 2013ஆம் ஆண்டு வந்த ஐஓஎஸ் 7, "இக்கணினியை நம்பலாமா?" என்று உரிமையாளரைக் கேட்கத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 6.0, கம்பியைச் செருகினால் மின்னேற்றம் மட்டுமே நடக்கும் என்பதை இயல்புநிலை ஆக்கியது. கோப்பு வேண்டுமெனில் உரிமையாளரே திரையைத் தொட்டுத் தெரிவு செய்ய வேண்டும். 2018ஆம் ஆண்டு சூலையில் வந்த ஐஓஎஸ் 11.4.1, பூட்டி ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் பூட்டைத் திறக்கும்வரை செய்தித் தொடர்பையே நிறுத்தும் வசதியைத் தந்தது.

இவை குறைபாடுகள் அல்ல; காவல்கள். நம் கைப்பேசியில் மாணவர்களின் முகங்கள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், மதிப்பெண் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தக் கணினியில் செருகினாலும் அவை கொட்டிவிடும் என்றால் நமக்கு உறக்கம் வருமா?

தமிழையும் கணினி கண்டுகொள்ளாத காலம்

சில வேளைகளில் கைப்பேசி தெரிகின்றது, கோப்புகளும் தெரிகின்றன. ஆனால் பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் கட்டங்களும் பொருளற்ற எழுத்துகளும் நிற்கின்றன. இதுவும் கண்டுகொள்ளாமையின் இன்னொரு வடிவமே. இதன் வரலாற்றில் மலேசியத் தமிழர்க்குச் சிறப்பிடம் உண்டு.

1980களிலும் 1990களிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் படிக்க முடியாது. நிறுவனத்திற்கொரு செருகுவாய் வைத்திருந்த கைப்பேசிகளைப் போன்றதே இந்நிலையும். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு முதல் முரசு மென்பொருளை உருவாக்கி வந்தார். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டு சென்னையிலும் கூடிய மாநாடுகளில் பொதுத்தரம் பற்றி அறிஞர்கள் கலந்தாய்ந்தனர். சென்னை மாநாட்டின் வழி 'தமிழ் 99' விசைப்பலகை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. 2005ஆம் ஆண்டு பொங்கலன்று, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் செல்லினம் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது.

உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும், பல ஆண்டு விவாதத்திற்குப் பின் 2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் தமிழக அரசு அதை முறையாக ஏற்றது. இன்று சுபாங் ஜெயாவில் ஒரு மாணவி கைப்பேசியில் எழுதும் தமிழை யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் உள்ள கணினிகள் அப்படியே காட்டுகின்றன என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேரின் உடன்பாடு இருக்கின்றது. கம்பிக்கும் எழுத்துக்கும் வரலாறு ஒரே பாடத்தையே சொல்கின்றது. கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு முன் மனிதர்கள் கூடி உடன்பட வேண்டும்.

வரலாறு காட்டும் வரிசை

இனி, கோளாற்றைத் தேடும் முறைக்கு வருவோம். பழைய பழக்கத்தால் பலரும் முதலில் கணினியையே குறை சொல்லி, இயக்கி மென்பொருளைத் தேடத் தொடங்குகின்றனர். இன்றைய கைப்பேசிக்கு அவ்வரிசை பொருந்தாது. அண்மைக் காலத்துக் காரணத்தை முதலிலும் பழங்காலத்துக் காரணத்தை இறுதியிலும் தேடுவதே முறை.

1. கைப்பேசியின் பூட்டைத் திறந்து, திறந்த நிலையிலேயே கம்பியைச் செருகுங்கள். பூட்டிய கைப்பேசி பேசாது.

2. ஆண்ட்ராய்டு எனில் திரையின் மேற்பகுதியைக் கீழே இழுங்கள். யூ.எஸ்.பி. மின்னேற்றம் என்ற அறிவிப்பு தெரியும். அதைத் தொட்டுக் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐபோன் எனில் நம்பிக்கை குறித்த கேள்விக்கு இசைவளித்து, கடவெண்ணை இடுங்கள்.

3. பயனில்லை எனில் கம்பியை மாற்றுங்கள். மலிவு விலைக் கம்பிகள் சிலவற்றில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை. மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். கைப்பேசியோடு பெட்டியில் வந்த கம்பி இருந்தால் அதுவே நல்லது.

4. கணினியின் வேறு செருகுவாயில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கைப்பேசியின் செருகுவாயில் சட்டைப்பையின் பஞ்சு அடைந்திருக்கின்றதா என்றும் பாருங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெல்ல நீக்கலாம். ஊசி வேண்டா.

5. கைப்பேசியையும் கணினியையும் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். பெயரழைப்பு மீண்டும் முதலிலிருந்து நடைபெறும்.

6. விண்டோஸ் 'என்' பதிப்பா என்று பாருங்கள். ஆப்பிள் மேக் கணினியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் திறப்பதற்குத் தனி மென்பொருள் தேவை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

7. இவை யாவும் பயனளிக்காதபோதே இயக்கியைத் தேடுங்கள். விண்டோஸின் கருவி மேலாளரில் கைப்பேசியின் பெயரருகே எச்சரிக்கைக் குறி இருந்தால், அப்பதிவை நீக்கிவிட்டுக் கம்பியை மீண்டும் செருகினால் கணினி புதிதாக நிறுவிக்கொள்ளும்.

கைப்பேசியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தால் சரியாகும் என்று எவரேனும் சொன்னால், படங்கள் வேறோர் இடத்தில் இருப்பதை உறுதி செய்யும்வரை அதற்கு இசையாதீர்கள். நாம் காப்பாற்ற வந்ததையே அது அழித்துவிடும். கடையில் கொடுத்துப் படங்களை மாற்றுவதாயின் கைப்பேசியை விட்டுவிட்டு வராமல் உடனிருந்து பாருங்கள். கடைக் கணினியில் எஞ்சிய படியையும் நீக்கச் சொல்லுங்கள். அவை பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள்.

எது கைப்பேசிக்குள் இருக்கின்றது?

இத்தனை நீளமாக ஒரு கம்பியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் எண்ணலாம். இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிற்கும் சுபாங் ஜெயா, 1970களின் நடுப்பகுதியில் வீடமைப்புத் திட்டம் தொடங்கும்வரை ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். அத்தகைய தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும், லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அரிச்சுவடி கற்றவர்களும் நம்மிடையே சிலரேனும் வாழ்கின்றனர். அவர்களுடைய வாழ்க்கையை எழுதிய நூல்கள் மிகக் குறைவு. ஆனால் பேரப்பிள்ளைகளின் கைப்பேசிகளில் அவர்களுடைய குரல் இருக்கின்றது. பள்ளித் திட்டப்பணிக்காகத் தாத்தாவிடம் கேட்ட கதை, திருமண வீட்டில் பாட்டி பாடிய பாட்டு, 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் முடங்கியிருந்தபோது பதிவு செய்த உரையாடல் என எத்தனையோ இருக்கின்றன.

நம் தாத்தாமார் பெட்டிக்குள் வைத்த கடிதங்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைத்தன. கைப்பேசியின் ஆயுளோ சில ஆண்டுகள்தாம். மின்கலம் வீங்கும், திரை உடையும். திரை உடைந்துவிட்டால் பூட்டைத் திறக்கவும் இசைவளிக்கவும் இயலாது. இன்றைய கைப்பேசி இசைவின்றிப் பேசாது என்று கண்டோமல்லவா? திருடனைத் தடுக்கும் அதே காவல், உரியவரையும் வெளியே நிறுத்திவிடும். ஆகவே கைப்பேசி நலமாக இருக்கும்போதே படியெடுத்து வைப்பது கடமை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு 5, ஆண்டு 6 மாணவர்களுக்குக் கோப்புப் பரிமாற்றத்தைக் கற்பிக்கும்போது, வெற்றுக் கோப்புகளைக் கொடுக்காமல் வீட்டுப் பெரியவரின் குரல் பதிவொன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் பேசியவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தமிழிலேயே இடப் பழக்குங்கள். பெற்றோர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். வீட்டுக் கணினியில் ஒரு படி, விரலியிலோ வெளிவன்வட்டிலோ மற்றொரு படி என இரண்டு இடங்களில் சேமியுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசிக் கடவெண்ணைக் குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் அறிந்திருக்கட்டும்.

கம்பியைச் செருகி, பூட்டைத் திறந்து, இசைவளிக்க ஒரு நிமிடம் போதும். வருகின்ற பள்ளி விடுமுறையில் அதைச் செய்துவிடுங்கள்.